ஆஸ்டினில் மகன் வீடு வாங்க, கட்டபெட்டில் ஒரு ஏக்கர் தேயிலையை விற்கலாமா?

கட்டபெட்டுக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீலகிரியில் கட்டபெட்டுப் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் ஹெச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் வேலை பார்க்கிறான், ஆண்டுக்கு 1,10,000 டாலர் சம்பளம். மருமகளுக்கு வேலை பார்க்க அனுமதி இன்னும் வரவில்லை. பேத்தி அங்கேயே பிறந்தவள்.

இப்போது வீடு வாங்கப் போகிறேன் என்கிறான். விலை 4,50,000 டாலர், 20 சதவீதம் முன்பணம் என்றால் 90,000. அவன் கையில் 40,000 இருக்கிறதாம், மீதி 50,000க்கு ஒரு ஏக்கரை விற்றுத் தர முடியுமா அப்பா என்று கேட்கிறான். டாலரை 90 ரூபாய் என்று வைத்தால் அது 45 லட்சம்.

எனக்குப் புரியாதது இதுதான். அமெரிக்காவில் பணவீக்கம் குறைந்துவிட்டது, வட்டியும் குறைந்துவிட்டது என்று இரண்டு வருடமாகப் பேப்பரில் படிக்கிறேன். இவனைக் கேட்டால் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்கிறான். ஆனால் எங்கள் ஹட்டியிலேயே, அதாவது கிராமத்திலேயே, இன்னொரு பையன், அவனும் ஆஸ்டினில்தான், ஏறக்குறைய அதே சம்பளம், 2021இல் அங்கே வீடு வாங்கினான், மாதாமாதம் ஊருக்குப் பணம் வருகிறது, இங்கேயும் மாடி கட்டிவிட்டார்கள். என் வீட்டுக்காரி தினமும் அந்த மாடியைப் பார்த்துவிட்டு வந்துதான் காப்பியே போடுகிறாள். நம் பையன் செலவாளியா, இல்லை ஏதாவது மறைக்கிறானா? அங்கிருந்து பணம் அனுப்பினால் டிரம்ப் வரி பிடிக்கிறார் என்றும் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பசுந்தேயிலை விலை இருக்கிற இருப்பில் நிலத்தை வைத்திருந்து என்ன செய்ய என்றும் ஒரு பக்கம் தோன்றுகிறது.


வெலிங்டன் ரிட்டர்ன்:

ஐயா, பையனைச் சந்தேகப்படாதீர்கள். நான் நியூஜெர்சியில் நிறைய வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவன், இப்போது வெலிங்டனில் இருக்கிறேன். உங்கள் ஹட்டியின் இரண்டு பையன்களுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் குணம் இல்லை, வீடு வாங்கிய தேதி.

முதலில் பணவீக்கம். 2022 ஜூனில் அமெரிக்காவில் 9.1 சதவீதம் போனது, 2025 செப்டம்பரில் 3 சதவீதம். இதைத்தான் பேப்பரில் குறைந்தது என்று எழுதுகிறார்கள். குறைந்தது ஏறுகிற வேகம். ஏறிய விலை ஏறியபடியே நிற்கிறது, அதன் மேல் இன்னும் 3 சதவீதம் ஏறுகிறது. முட்டை மாதிரி ஒன்றிரண்டு மட்டும் உண்மையிலேயே இறங்கின. பறவைக் காய்ச்சலில் 2025 மார்ச்சில் ஒரு டஜன் சராசரி 6.23 டாலருக்குப் போய், அப்புறம் இறங்கியது. வாடகை, கார் இன்ஷூரன்ஸ், வைத்தியம், ஆள்கூலி எல்லாம் 2020 விலைக்குத் திரும்பப் போவதில்லை.

இரண்டாவது வட்டி, உங்கள் கேள்விக்கு இதுதான் முக்கியம். நம் ஊரில் வீட்டுக் கடன் பெரும்பாலும் மாறும் வட்டி. ரிசர்வ் வங்கி 2025இல் வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியை 6.5இலிருந்து 5.25க்கு இறக்கியது, பழைய கடன்காரர் புதுக் கடன்காரர் எல்லோருக்கும் கொஞ்சமாவது இறங்கியிருக்கும். அங்கே அப்படி இல்லை. 30 வருடத்துக்கு ஒரே வட்டி, கையெழுத்துப் போட்ட அன்று என்னவோ கடைசி வரை அதுதான். 2021 ஜனவரியில் அது 2.65 சதவீதம் வரை விழுந்தது, வரலாற்றிலேயே குறைவு. 2023 அக்டோபரில் 7.79. 2025 கடைசியில் 6க்குச் சற்று மேலே.

உங்கள் மகன் வாங்கப்போகும் கடன் 3,60,000 டாலர் என்று வையுங்கள். 3 சதவீதத்தில் மாதத் தவணை 1,518 டாலர். 6.25 சதவீதத்தில் 2,217. அதே வீடு, அதே கடன், மாதம் 700 டாலர் அதிகம், 30 வருடத்துக்கு. அந்தப் பையன் 2021இல் வாங்கியது இதைவிடக் குறைந்த விலைக்காகவும் இருக்கலாம். பக்கத்து வீட்டு மாடி அந்த 700இலிருந்து வந்தது என்று வீட்டம்மாவிடம் சொல்லுங்கள்.

3 சதவீதத்தில் வாங்கியவர்கள் வீட்டை விற்கவும் மாட்டார்கள், விற்றால் அடுத்த வீட்டுக்கு 6 கட்ட வேண்டுமே. அதனால் சந்தைக்கு வீடு வருவது குறைந்து, வட்டி ஏறினாலும் பல ஊர்களில் விலை இறங்கவில்லை. அமெரிக்க மத்திய வங்கி 2020இல் கொரோனாவுக்காக வட்டியைத் தரையில் போட்டது, 2022 மார்ச்சிலிருந்து பணவீக்கத்துக்காக மடமடவென்று ஏற்றியது. இரண்டுக்கும் நடுவில் யார் எங்கே நின்றார்கள் என்பதை வைத்துக் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டன. நானும் 2021இல் பழைய கடனை மாற்றி 3க்குக் கீழே வாங்கியவன்தான், அது என் சாமர்த்தியம் என்று சொன்னால் பொய்.


தாண்டிக்குடி காப்பி:

நிலத்தை விற்காதீர்கள் அண்ணா. அவ்வளவுதான் என் பதில். மற்றதெல்லாம் விளக்கம்.

எங்கள் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பி விலை கிடையாது என்று சொல்லித் தோட்டத்தை வெளியூர் ஆட்களுக்குக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் பிரேசிலில் வறட்சி, வியட்நாமில் விளைச்சல் குறைவு, காப்பி எங்கேயோ போய்விட்டது. விற்ற நிலத்தில் இப்போது காட்டேஜ் இருக்கிறது. மலையில் விற்றவன் திரும்ப வாங்கி நான் பார்த்ததில்லை, கோயம்புத்தூர்க்காரரும் பெங்களூர்க்காரரும் கேட்கிற விலைக்கு நாம் எங்கே போவது.

அமெரிக்காவிலும் காப்பிதான் நல்ல உதாரணம். அங்கே காப்பி விளைவதே ஹவாயிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் கொஞ்சம், மற்றதெல்லாம் இறக்குமதி. அதற்கு இறக்குமதி வரி போட்டு யாரைக் காப்பாற்ற? 2025இல் பிரேசிலுக்கு 50 சதவீதம் போட்டார்கள், நமக்கும் ஆகஸ்ட் கடைசியிலிருந்து 50 போட்டார்கள். வரியை நாம் கட்டவில்லை, அங்கே இறக்குமதி செய்கிறவன் கட்டி, கடைக்காரன் தலையில் வைத்து, அவன் வாங்குகிறவன் தலையில் வைத்தான். 2025 செப்டம்பரில் அரைத்த காப்பி ஒரு பவுண்டு, அதாவது அரைக்கிலோவுக்கும் குறைவு, சராசரி 9 டாலரைத் தாண்டிவிட்டது. மக்கள் சத்தம் போட்ட பிறகு நவம்பரில் காப்பி, தேயிலை, வாழைப்பழம், மசாலா எல்லாவற்றையும் பரஸ்பர வரி என்ற அந்த இறக்குமதி வரிப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். இதைப் புரிந்துகொள்ள அந்த அரசாங்கத்துக்கு ஏழு மாதம் தேவைப்பட்டது. உங்கள் நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலையை அங்கே ஐஸ் டீக்கு விரும்பி வாங்குவார்கள், ஆறினாலும் கலங்காது என்பதால். அதை அனுப்புகிறவர்களும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

இப்படி மாதத்துக்கு ஒரு கொள்கை பேசும் ஊரில் 30 வருடக் கடனுக்கு, இங்கே தாத்தா காலத்து நிலத்தைக் கொடுப்பதா?


லவ்டேல் பாட்டி:

சம்பளத்தைக் கேட்டு நாம் 90ஆல் பெருக்கிவிடுகிறோம், செலவைப் பெருக்குவதில்லை. 1,10,000 டாலர் என்றால் இங்கே கோடி ரூபாய்க்குப் பக்கம் என்று மலைக்கிறோம். என் மகள் ஒஹாயோவில் இருக்கிறாள், பிரசவத்துக்குப் போயிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தாள்களைப் பார்த்தேன், ஒன்றின் மேல் இது பில் அல்ல என்றே அச்சடித்திருந்தது, அடுத்த வாரம் வந்தது பில். இன்ஷூரன்ஸ் இருந்தும்.

அங்கே கம்பெனி வழியாக எடுக்கும் குடும்ப இன்ஷூரன்ஸின் மொத்த விலை 2025இல் சராசரி 26,993 டாலர். அதில் ஊழியர் சம்பளத்தில் பிடிப்பது சராசரி 6,850. மீதியைக் கம்பெனி கட்டுகிறது, ஆனால் அதுவும் சம்பள உயர்வாக வந்திருக்க வேண்டிய பணம்தானே. இவ்வளவு கட்டிய பிறகும் முதல் சில ஆயிரம் டாலரை நாமே கொடுத்த பிறகுதான் இன்ஷூரன்ஸ் வாய் திறக்கும்.

என் மாப்பிள்ளை சொந்தத் தொழில். அவர்கள் கம்பெனி வழியாக இல்லாமல், ஒபாமா காலத்துச் சட்டத்தில் வந்த இன்ஷூரன்ஸ் சந்தையில் எடுக்கிறார்கள். 2021இல் அதற்கு மானியத்தைக் கூட்டினார்கள், 2025 கடைசியோடு அது முடிந்தது, நீட்டிப்பதா வேண்டாமா என்ற சண்டையில் அரசாங்கமே 43 நாள் மூடிக் கிடந்தது, கடைசியில் நீட்டிக்கவும் இல்லை. பழைய விதி திரும்பிவிட்டதால் 2026இல் மூன்று பேர் குடும்பத்துக்கு வருமானம் 1,06,600 டாலரைத் தாண்டினால் மானியம் சுத்தமாக இல்லை. மகள் இப்போது டிசம்பர் மாத வேலை ஒன்றை வேண்டாம் என்று விடலாமா என யோசிக்கிறாள், சம்பாதித்தால் நஷ்டம் வருமே என்று. இது என்ன கணக்கோ.

நாம் அனுப்பும் சாமானும் தப்பவில்லை. 800 டாலருக்குள் வரும் பார்சலுக்கு வரி இல்லை என்றிருந்ததை 2025 ஆகஸ்டில் எடுத்தார்கள், நம் தபால் துறை அமெரிக்கப் பார்சலையே நிறுத்தி அக்டோபரில்தான் மறுபடி ஆரம்பித்தது. வர்க்கியும் தேயிலைத் தூளும் கட்டி வைத்தது வீட்டிலேயே கிடந்தது. வர்க்கியை நாங்களே தின்றோம்.


ஊட்டி கணக்கப்பிள்ளை:

பணம் அனுப்பும் வரி பற்றி நிறைய வாட்ஸ்அப் கதை உலவுகிறது. உள்ளது இவ்வளவே. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய சட்டத்தில் அமெரிக்காவிலிருந்து வெளியே அனுப்பும் பணத்துக்கு வரி போட்டார்கள். முதலில் 5 சதவீதம் என்றார்கள், 3.5 ஆகி, கடைசியில் 1 சதவீதத்தில் நின்றது. 2026 ஜனவரி 1 முதல். அதுவும் ரொக்கமாகவோ மணியார்டராகவோ கொண்டுபோய்க் கொடுத்து அனுப்பினால்தான். வங்கிக் கணக்கிலிருந்தோ அமெரிக்க டெபிட், கிரெடிட் கார்டிலிருந்தோ அனுப்பினால் கிடையாது. உங்கள் பையனை இது தொடாது.

உங்களைத் தொடுவது எதிர்த் திசை. இங்கிருந்து மகனுக்கு 45 லட்சம் அனுப்புவது ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் வரும், ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை தடையில்லை. ஆனால் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி, பிடிக்கும். நீங்கள் ஒருவரே அனுப்பினால் 35 லட்சத்துக்கு 7 லட்சம். அது போகிற பணம் இல்லை, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், ஆனால் அதுவரை 52 லட்சம் கையில் இருந்தால்தான் 45 போகும். நிலத்தில் வீட்டம்மாவுக்கும் பங்கு இருந்து அவர் பங்குப் பணத்தை அவரே அவர் பான் எண்ணில் அனுப்பினால் அவருக்கும் தனியாக 10 லட்சம் கழியும்.

மகனுக்குக் கொடுப்பதால் பரிசு வரி இங்கே இல்லை. அங்கேயும் வாங்குகிறவருக்கு வரி இல்லை, வெளிநாட்டவரிடமிருந்து ஒரு வருடத்தில் 1,00,000 டாலருக்கு மேல் வந்தால் 3520 என்ற படிவம் போட வேண்டும், இது அதற்குள் வருகிறது. கடன் கொடுக்கும் வங்கி மட்டும் இது திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம் என்று உங்கள் கையெழுத்தில் கடிதம் கேட்கும்.


அரவேணு டு ஆஸ்டின்:

வணக்கம் அங்கிள். நான் அரவேணுதான், இப்போது ஆஸ்டினில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். மேலே எல்லோரும் அமெரிக்கா முழுவதையும் பேசுகிறீர்கள், ஆஸ்டின் கதை வேறு.

இங்கே கொரோனா நேரத்தில் கலிபோர்னியாவிலிருந்து ஆட்கள் கூட்டமாக வந்து விலை வானத்துக்குப் போனது. 2022இல் உச்சம். அதைப் பார்த்து எல்லாக் கம்பெனிகளும் அபார்ட்மென்டாகக் கட்டித் தள்ளின. விளைவு, நாடு முழுக்க வாடகை ஏறியபோது இங்கே இறங்கியது, வீட்டு விலையும் உச்சத்திலிருந்து இறங்கித்தான் நிற்கிறது. நிறையக் கட்டினால் விலை இறங்கும் என்பதற்கு இந்த ஊரைத்தான் இப்போது எல்லோரும் காட்டுகிறார்கள். ஆக வாடகைக்கு இருப்பவனுக்கு இங்கே அவசரமே இல்லை. தம்பி இப்போது என்ன வாடகை கொடுக்கிறார் என்று கேட்டீர்களா? லீஸை, அதாவது வாடகை ஒப்பந்தத்தை, புதுப்பிக்கும்போது பேரம் பேசினாரா? ஒரு மாதம் இலவசம் என்றெல்லாம் இங்கே தருகிறார்கள்.

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, ஆனால் அதை வீட்டு வரியில் வாங்கிவிடுவார்கள். ஆண்டுக்கு வீட்டு மதிப்பில் 2 சதவீதத்தை ஒட்டி வரும். சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்குப் பள்ளி வரிக்காக வீட்டு மதிப்பில் கழிக்கும் தொகையை 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 1,40,000 டாலராக ஏற்றினார்கள், அது கொஞ்சம் ஆறுதல். ஆலங்கட்டி மழையால் வீட்டு இன்ஷூரன்ஸும் இங்கே அதிகம். ஆகவே வெலிங்டன் சார் சொன்ன 2,217 தவணையோடு வரி, இன்ஷூரன்ஸ் சேர்த்தால் 3,200 டாலர் பக்கம் வரும். இந்த இரண்டும் 30 வருடம் ஒரே மாதிரி இருக்காது, வருடாவருடம் ஏறும்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் 20 சதவீதம் கட்டாயம் இல்லை. 10 சதவீதம் கட்டி, மேலே கடன் காப்பீடு என்று மாதம் ஒரு தொகை கட்டலாம், கடன் வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு வந்ததும் அதை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். ஆஸ்டினை ஒட்டிய லியாண்டர், ஹட்டோ பக்கம் 3,50,000 டாலருக்கு வீடு இருக்கிறது, முன்பணம் 35,000, அவர் கையில் இருப்பதே போதும், பதிவுச் செலவுக்கு மட்டும் இன்னும் ஆறு மாதம் சேர்க்க வேண்டியிருக்கும். ஊர் நிலத்தைத் தொடவே வேண்டாம்.


கட்டபெட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மகனிடம் பேசினேன். வாடகை 2,300 டாலராம். மாதம் கையில் என்ன வருகிறது என்று கேட்டதற்கு 6,900 என்றான். 1,10,000ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 9,100க்கு மேல் வருகிறதே, மீதி எங்கே போகிறது? கேட்டால் கோபித்துக்கொள்கிறான். அப்புறம் இன்னொன்று சொன்னான், இப்போது 6.25க்கு வாங்கிவிட்டு, மத்திய வங்கி வட்டியை இறக்க இறக்கக் கடனை மாற்றிக்கொள்ளலாமாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம்.


வெலிங்டன் ரிட்டர்ன்:

6,900 சரியான கணக்குதான் ஐயா, பையன் மறைக்கவில்லை. ஏறக்குறைய சொல்கிறேன். மத்திய வருமான வரி, புதுச் சட்டத்தில் 2025க்குத் தம்பதிக்கு 31,500 டாலர் கழிவும் குழந்தைக்கு 2,200 டாலர் சலுகையும் போக, மாதம் 560. சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் என்று 7.65 சதவீதம், மாதம் 700. இதில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு: இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதில் ஒப்பந்தம் இல்லாததால் பத்து வருடமாவது கட்டி முடிக்காமல் திரும்புகிறவருக்கு அந்த ஓய்வூதியத்தில் ஒன்றும் கிடைக்காது. மருத்துவ இன்ஷூரன்ஸ் 570 போல. ஓய்வுக்காலச் சேமிப்பு 5 சதவீதம் போட்டால் 450. கழித்தால் உங்கள் எண் வந்துவிடும்.

அதில் வாடகை 2,300 போனால் 4,600. இரண்டு கார் தவணை, அதற்கு இன்ஷூரன்ஸ், பெட்ரோல், மளிகை, மின்சாரம், போன், குழந்தைக்கு டாக்டர். மாதம் ஆயிரம் டாலர் மிச்சம் பிடித்தால் அவன் சிக்கனக்காரன். 40,000 சேர்த்திருக்கிறான் என்றால் உண்மையில் நல்ல பையன். வீடு வாங்கினால் அந்த ஆயிரத்தில் 900 வீட்டுக்கே போய்விடும், அதற்கப்புறம் ஏசி கெட்டாலும் கூரை ஒழுகினாலும் அவன் பாடு.

வட்டி இறங்கினால் கடனை மாற்றலாம் என்பதைப் பல பேர் வேதவாக்காகச் சொல்கிறார்கள். மத்திய வங்கி வட்டியும் வீட்டுக் கடன் வட்டியும் ஒன்றல்ல. வீட்டுக் கடன் போவது பத்து வருட அரசுக் கடன் பத்திரத்தின் பின்னால். 2024 செப்டம்பரில் மத்திய வங்கி அரை சதவீதம் இறக்கியது, வருடம் முடிவதற்குள் மறுபடி இரண்டு முறை. அதே நேரத்தில் வீட்டுக் கடன் 6.08இலிருந்து ஏறி 2025 ஜனவரியில் 7ஐத் தாண்டியது. இறங்கலாம், இறங்காமலும் போகலாம். இன்றைய தவணையைக் கட்ட முடிந்தால் மட்டும் வாங்கட்டும்.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய கவலை விசா. ஹெச்-1பியில் வேலை போனால் 60 நாள்தான், அதற்குள் வேறு கம்பெனி கிடைக்க வேண்டும், இல்லையென்றால் விசாவை மாற்ற வேண்டும் அல்லது கிளம்ப வேண்டும். 2023 ஏப்ரலில் 3.4 சதவீதமாக இருந்த வேலையின்மை 2025 செப்டம்பரில் 4.4. பெரிய எண் இல்லைதான், இருக்கிறவர்களை அதிகம் நீக்கவில்லை, ஆனால் புதிதாக ஆளும் எடுப்பதில்லை, 60 நாள்காரனுக்கு இரண்டாவதுதான் ஆபத்து. 2025 செப்டம்பரில் வந்த 1,00,000 டாலர் கட்டணம் அங்கேயே இருந்து கம்பெனி மாறுகிறவருக்கு இல்லை, ஆனால் ஒருமுறை கிளம்பி வந்துவிட்டுப் புதிதாக விண்ணப்பித்தால் அது குறுக்கே நிற்கலாம். வீடு வாங்கும்போது பதிவு, கட்டணம் என்று 2 முதல் 5 சதவீதம் போகும், விற்கும்போது தரகர் கமிஷன் 5, 6 சதவீதம். இரண்டு வருடத்தில் அவசரமாக விற்க வேண்டி வந்தால், அதுவும் விலை இறங்கிக்கொண்டிருக்கும் ஆஸ்டினில், உங்கள் ஏக்கரில் பாதி காற்றில் போய்விடும்.


அரவேணு டு ஆஸ்டின்:

சார் சொல்வது சரி, ஆனால் ஒரேயடியாகப் பயமுறுத்தவும் வேண்டாம். கிரீன் கார்டுக்கு நம் ஆட்கள் எத்தனை வருடம் காத்திருக்கிறார்கள்? அதுவரை வாடகை வீட்டிலேயே குழந்தைகளை வளர்ப்பதா? நானும் விசாவில்தான் வாங்கினேன், 2023இல், வட்டி 7. தூக்கம் போன ராத்திரிகள் உண்டு. ஆனால் பள்ளிக்கூடம் நல்லது, பாப்பா தோட்டத்தில் ஓடுகிறாள். எல்லாவற்றையும் கால்குலேட்டரில் போட முடியாது.

தம்பிக்கு ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனுவுக்கு ஒப்புதல், கிடைத்துவிட்டதா என்று கேளுங்கள் அங்கிள். கிடைத்தால் அவர் மனைவிக்கு வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், இரண்டாவது சம்பளம் வந்தால் இந்தக் கணக்கு மொத்தமும் மாறும். குழந்தையை டேகேரில் விடும் செலவு சேரும், அது இங்கே இரண்டாவது வாடகை மாதிரி, ஆனாலும் மாறும். நான் அதுவரை பொறுப்பேன்.


தாண்டிக்குடி காப்பி:

பாப்பா ஓட இங்கே இரண்டரை ஏக்கர் இருக்கிறது. சும்மா சொன்னேன்.


லவ்டேல் பாட்டி:

அண்ணா, நிலத்தை விற்று மகனுக்குக் கொடுத்தால் உங்களுக்கு என்ன மிஞ்சும் என்பதை யாரும் கேட்கவில்லையே. நாளைக்கு உங்களுக்கு முடியாமல் போனால் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிதான். அந்த ஒன்றரை ஏக்கர் இலை அதற்குக் கட்டுமா? கோத்தகிரிப் பக்கம் 2023இல் இலை விலைக்காகவே உண்ணாவிரதம் இருந்தார்கள், நீங்களும் போயிருப்பீர்கள்.


கட்டபெட்டுக்காரன்:

போயிருந்தேன் அம்மா. ஐ-140 இன்னும் வரவில்லை, வரும் வருடம் ஆகலாம் என்கிறான். லீஸ் மே மாதம் முடிகிறது, வாடகையைக் குறைத்துக் கேட்கச் சொல்லியிருக்கிறேன், அப்படி ஒன்று முடியும் என்றே அவன் நினைக்கவில்லை. ஒருவேளை பாதி, அரை ஏக்கர் மட்டும் விற்றால்? கணக்கப்பிள்ளை சார், பட்டா என் அப்பா பெயரில் இருக்கிறது, அண்ணன் தம்பி மூன்று பேரும் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டதுதான். விற்பதில் ஏதாவது சிக்கல் வருமா?


ஊட்டி கணக்கப்பிள்ளை:

ஐயா, இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! கூட்டுச் சொத்து, பாகப்பிரிவினைப் பத்திரம் இல்லை, பட்டா அப்பா பெயரில். அக்கா தங்கை இருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு. வாரிசுச் சான்று, எல்லோரும் கையெழுத்திட்ட பாகப்பிரிவினை, அதைப் பதிந்து, சர்வேயர் வந்து உட்பிரிவு செய்து, உங்கள் பெயரில் தனிப் பட்டா. அதற்குப் பிறகுதான் அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே மே மாதத்துக்குள் முடியாது. மகனை லீஸைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். விற்றாலும் விற்காவிட்டாலும் பாகப்பிரிவினையை இப்போதே ஆரம்பியுங்கள், ஒரு நாள் ஊட்டி வரும்போது பழைய பத்திரம், அப்பாவின் இறப்புச் சான்று, தீர்வை ரசீது எல்லாம் எடுத்து வாருங்கள். உங்கள் அண்ணனையும் கூட்டி வந்தால் நல்லது.